நீக்கப்பட்டவை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், பூமி பேசுவதை ஒட்டுக்கேட்கிறேன் என்று சொல்லிவிடுவேன். கேட்பவர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் அது பாதி உண்மைதான். என் பொழுதில் முக்கால்வாசி மனிதர்களை அழிப்பதில் போகிறது. பூமி எப்போதாவதுதான் வாய் திறக்கும். அதன் மேல் குடியிருக்கும் நாம் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. லாரி ஓட்டுகிறோம், மோட்டார் போடுகிறோம், சுவரில் ஆணி அடிக்கிறோம், மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிறோம். அத்தனையும் நில அதிர்வுமானியில் வந்து விழும். இந்தக் களையைப் பிடுங்கினால்தான் பயிர் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

களை பிடுங்கக் கணினியில் ஒரு நிரல் வைத்திருக்கிறோம். அதற்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கும் பாடம் எளிமையானது. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் தட்டித் தட்டி வருவது எதுவானாலும் அது மனிதன் வேலை, இல்லையென்றால் மனிதனுடைய மெஷினின் வேலை. பாறை அப்படித் தாளம் தவறாமல் தட்டாது. வெடிக்கும், முனகும், பிறகு தூங்கிவிடும். ஆகவே ஒழுங்காகத் தட்டுகிறவனைத் தூக்கி வெளியே போடு. திரையின் கீழ் மூலையில் 'நீக்கப்பட்டவை' என்று ஒரு கட்டம், அதற்குள் ஒரு எண். அந்த எண் ஏற ஏற எனக்குப் பெருமையாக இருக்கும், வீட்டைப் பெருக்கி முடித்தபின் முறத்தில் சேர்ந்த குப்பையைப் பார்க்கிற மாதிரி.

என் தம்பி ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தான். அவனுக்கு நான் வைத்த பெயர் டமாரம். சாப்பாட்டுத் தட்டு, கதவு, என் முதுகு, எதையும் விடமாட்டான். இரண்டு தட்டு, ஒரு சின்ன நிறுத்தம், பிறகு தடுக்கி ஓடுவது போல மூன்று, கடைசியில் கனமாக ஒன்று. அந்தக் கடைசித் தட்டு வரவேண்டிய நேரத்துக்கு வராது. அரைக்கணம் கழித்துத்தான் விழும். நான் பரீட்சைக்குப் படித்த காலத்தில் அந்த அரைக்கணத்துக்காகக் காத்திருந்தே எனக்குப் பைத்தியம் பிடிக்கும். புத்தகத்தை அவன் மேல் எறிந்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. தரையைப் பெயர்த்து, அடிப்பாறையின் மேலேயே ஒரு கான்கிரீட் மேடை கட்டி, அதன்மேல் கருவியை உட்கார வைத்திருக்கிறோம். இதில் என்னதான் தெரியும் என்று தம்பி கேட்டான். வெளியே போய் நடைவழியில் குதிடா என்றேன். குதித்துவிட்டு வந்து பார்த்தான். திரையில் முள் முள்ளாக நின்றது. இது நீதான் என்று காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. இதோ பார், அழிச்சாச்சு என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். கோடு சமமாகிவிட்டது.

"கூடப் பிறந்த அக்காவா நீ? ஒரு நிமிஷம்கூட வெச்சுக்க மாட்டேங்கிற" என்றான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவனுக்கு ஒரு சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. எங்கள் ஊரிலிருந்து காரில் போனால் இரண்டு மணி நேரம்.

பிறகொரு நாள் காலை நான் காபி டம்ளரைக் கையில் எடுத்திருந்தேன். காபியில் ஒரு வட்டம் எழுந்தது, அதற்குள் இன்னொரு வட்டம். திரையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் கோடு துள்ளிவிட்டது. முதலில் வருவது தள்ளும் அலை. நெருக்கியடித்து நிற்கும் வரிசையில் கடைசி ஆளைத் தள்ளினால் அந்தத் தள்ளு முதல் ஆள் வரை போகுமே, அப்படிப் பாறை பாறையைத் தள்ளிக்கொண்டு வரும். அதன் பின்னால் உலுக்கும் அலை வரும். அது கயிற்றை உதறினால் ஓடும் நெளிவு போன்றது. இரண்டும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் கிளம்புகின்றன; தள்ளுகிறவன் வேகமாக ஓடுகிறான், உலுக்குகிறவன் பின்தங்குகிறான். எவ்வளவு தூரம் வந்தார்களோ அவ்வளவு இடைவெளி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுகிற பழக்கம்தான் இது. நொடியை எண்ணி எட்டால் பெருக்கினால் ஏறத்தாழ கிலோமீட்டர் கிடைத்துவிடும்.

நான் வாய்விட்டு எண்ணினேன். உலுக்கல் வந்து சேர்ந்தபோது மேஜை ஆடியது, அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. இத்தனை அருகில் இத்தனை பெரியது என் பணிக்காலத்தில் வந்ததே இல்லை. நம் காலடியில் கிலோமீட்டர் கணக்கில் கீழே, நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்ற இரண்டு பாறைத் தொகுதிகள் கடைசியில் ஒரு நொடியில் விட்டுக்கொடுத்திருக்கின்றன. அந்த நொடியைக் கையில் பிடித்துவிட்டோம் என்ற திகைப்பு இருக்கிறதே, அதற்கு ஈடாக எதையும் நான் அனுபவித்ததில்லை.

ஒரு நிலையம் தூரத்தை மட்டுமே சொல்லும், திசையைச் சொல்லாது. அந்தத் தூரத்துக்கு வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவோம். அந்த வட்டத்தின் விளிம்பில் எங்கோ நடந்திருக்கிறது. இரண்டாவது நிலையத்துக்கு இன்னொரு வட்டம், மூன்றாவதுக்கு இன்னொன்று. மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பூமி உடைந்தது. இரண்டு வட்டம் போட்டுவிட்டேன். மூன்றாவது வட்டம் திரையில் வளைந்து வந்து மற்ற இரண்டையும் தொட்ட இடத்தில், சின்னதாக ஒரு சுத்தியல் படம் இருந்தது. எங்கள் வரைபடத்தில் சுத்தியல் என்றால் சுரங்கம்.

தம்பி வேலை பார்க்கும் சுரங்கம். அவனுக்குக் காலை ஷிப்ட். போன் போட்டேன், போகவில்லை. இருபது நிமிஷத்துக்குள் அந்த அதிர்ச்சி பூமியின் நடுக்கருவைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் கேள்வியே பட்டிராத நிலையங்கள் எல்லாம் அதைப் பதிவு செய்ததாகச் செய்தி அனுப்பின. உலகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, தம்பியின் போன் மட்டும் அடிக்கவே இல்லை.

சுரங்க வாசலில் கூட்டம் நின்றது. இறங்கும் வழி பாதியிலேயே மூடிக்கொண்டுவிட்டது. ஆறு பேர் உள்ளே, அவர்களில் என் தம்பி ஒருவன். தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் எல்லாம் சில்லிட்டிருந்தது. என்னிடம் பதில் இருக்கிறது என்று அவள் நம்பியது எனக்குப் பயமாக இருந்தது.

சுரங்க மேலாளர் மெல்லப் பேசுகிற மனிதர். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது சப்பையாகியிருந்தது. நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். கிழக்குப் பக்கம் பாதுகாப்பு அறை ஒன்று உண்டு. ஏதாவது நடந்தால் அங்கே ஓடிப் போய்ப் புகுந்துகொள்ள வேண்டும் என்பது விதி. மேலேயிருந்து ரிக் வண்டியால் துளை போட்டு அந்த அறைக்குள் குழாய் இறக்கினால் காற்று கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், பிறகு துளையைப் பெரிதாக்கி ஆளைத் தூக்கலாம். இருப்பது ஒரே ரிக். ஒரு துளைக்கு ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். இடம் தப்பிப்போனால் இரண்டாவது துளை போடும் வரை கீழே காற்று இருக்குமா என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தன் ஹெல்மெட்டைக் கழற்றி உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். மாட்டிக்கொண்டவர்கள் கூரைப் பாறையில் அறைந்திருக்கும் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் பத்துத் தடவை தட்ட வேண்டும். கொஞ்சம் ஓய்வு. மறுபடி பத்து. மேலே இருப்பவர்களுக்குக் கேட்டுவிட்டால் மூன்று வெடி போடுவார்கள். கேட்டது, இருங்கள், வருகிறோம் என்று அதற்கு அர்த்தம்.

நான் காரில் ஜியோபோன்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். தரையின் அதிர்வைக் கேட்கிற கைப்பிடியளவு கருவி, அடியில் ஒரு ஆணி இருக்கும், மண்ணில் குத்தி நிறுத்த வேண்டியதுதான். பாதுகாப்பு அறைக்கு நேர் மேலே வரிசையாகக் குத்தினேன். எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றேன். ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். சாலையின் இரு முனையிலும் வண்டிகளை மறித்தார்கள். அங்கிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி, அது அழுதுவிடுமோ என்று பயந்து வெகுதூரம் நடந்து போய்விட்டாள். போலீஸ்காரர் ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டு கண்ணில் நீர் வழிய நின்றார்.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எத்தனையோ வருஷமாக மனிதச் சத்தத்தைக் கணினியில் அழித்திருக்கிறேன். மனிதர்களே சேர்ந்து தங்கள் சத்தத்தை அழித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். திரையில் கோடு நூல் பிடித்தது போல ஓடியது. ஒரு காகம் ஜியோபோன் பக்கத்தில் தத்தித் தத்திப் போனது. அதன் ஒவ்வொரு தத்தலும் விழுந்தது. புல் அசைவது விழுந்தது. கீழேயிருந்து எதுவும் வரவில்லை. வெயில் சாய்ந்து நிழல்கள் நீளும் வரை உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் வரவில்லை.

"இதுக்கு மேல காத்திருக்க முடியாது மேடம்" என்றார் மேலாளர். ரிக் கிழக்கே போய் நின்று உறுமத் தொடங்கியது. அதன்பிறகு ஜியோபோனுக்கு வேலையில்லை. அந்த உறுமலில் காது செவிடாகிவிடும்.

மறுநாள் காலை நானும் தம்பி மனைவியும் சுரங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு திரை இருந்தது. சுரங்கத்தின் நாலா பக்கமும் பாறைக்குள் ஆழத் துளையிட்டு, சென்சார் என்கிற உணர்வான்களைப் புதைத்து வைத்திருந்தார்கள். பாறை எங்காவது விரிசல் விட்டால் முன்கூட்டியே தெரிவதற்காக. அவை பேட்டரியில் ஓடுபவை, அதனால் பிழைத்திருந்தன. பின்னதிர்வுகள் வந்துகொண்டிருந்ததால் அந்தத் திரையைத்தான் எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள். பாறை உடைந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். மற்றபடி திரை சுத்தமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஓடுகிற அதே வகை நிரல்தான் அங்கேயும், நாங்கள் போட்டுக்கொடுத்தது.

என்னால் அழக்கூட முடியவில்லை. எரிச்சலாக வந்தது, மேலாளர் மேல், அவர் கடித்துச் சப்பையாக்கிய பேனா மூடி மேல், ரிக் மேல். அந்த ரிக்கின் சத்தம் திடீரென்று நின்றது. தம்பி மனைவி திடுக்கிட்டு எழுந்தாள். ஒன்றுமில்லை, ஒரு கம்பி இறங்கி முடிந்தால் அடுத்ததை மாட்ட நிறுத்துவார்கள் என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். பழக்கதோஷத்தில் என் கண் திரையின் கீழ் மூலைக்குப் போனது. நீக்கப்பட்டவை. ரிக் தட்டிய தட்டையெல்லாம் தள்ளித் தள்ளி அந்த எண் எங்கோ போய் நின்றிருந்தது. ரிக் நின்றதால் அதுவும் நின்றிருந்தது.

பிறகு அது நகர்ந்தது. ஒன்று ஒன்றாக ஏறி நின்றது. கொஞ்ச நேரம் அசையவில்லை. மறுபடி ஏறி நின்றது. நான் கழித்துப் பார்த்தேன். பத்து.

நிரலை மூடிவிட்டு அது கை வைப்பதற்கு முந்தைய பதிவைத் திறந்தேன். மேற்குப் பக்கத்து உணர்வானின் கோட்டில், எறும்பு வரிசை போல, சின்னச் சின்ன முட்கள். பத்து, இடைவெளி, பத்து, இடைவெளி. பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். நேற்று மாலை பத்து. நேற்று நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போதும் பத்துப் பத்தாக. நான் கிழக்கே காதை வைத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் மேற்கே தட்டிக்கொண்டிருந்தார்கள். நிலம் நடுங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத நேரத்திலும் பத்து. ஆறு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி தாளம் தவறாமல் தட்டியிருக்கிறார்கள். தாளம் தவறாததால் நாங்கள் சொல்லிக்கொடுத்த நிரல் ஒன்று விடாமல் பெருக்கித் தள்ளியிருக்கிறது.

மேலாளரை இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் குனிந்து பார்த்தார். ஏதாவது பம்ப்பாக இருக்கும், காற்றாடியாக இருக்கும், மெஷின்கள் இப்படித்தான் விழும் என்றார். அதை அவர் தானாகச் சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம் அது.

"சார், நேத்துக் காலையிலயே கீழே கரண்ட்டை நிறுத்திட்டீங்க. அப்புறம் எந்த மெஷின் சார் தட்டுது?" என்றேன்.

பேனா மூடி அவர் வாயிலிருந்து விழுந்தது. தம்பி மனைவி திரைக்கு வந்து அந்த முட்களின் மேல் விரலை வைத்தாள். இவற்றில் எது அவர் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன், முறை வைத்துத் தட்டுவார்கள், எல்லாமும் ஒன்று போலத்தான் இருக்கும்.

அடுத்த வேலை இடம் கண்டுபிடிப்பது. இங்கேதான் எனக்கு மெய்சிலிர்த்தது. ஒவ்வொரு முள்ளையும் பெரிதாக்கிப் பார்த்தால் அதற்குள் இரண்டு முள். முன்னால் தள்ளும் அலை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத இடைவெளியில் பின்னால் உலுக்கும் அலை. ஒரு சுத்தியல் அடி, இரும்புக் கம்பி வழியாகப் பாறைக்குள் இறங்கி, முந்தின நாள் ஊரையே ஆட்டிய நிலநடுக்கம் எந்த விதிப்படி நடந்ததோ அதே விதிப்படி நடந்து வந்திருக்கிறது. நிலநடுக்கத்தின் அளவு ஒரு எண் கூடினால் அதன் சக்தி முப்பது மடங்குக்கு மேல் கூடும். நேற்றையது ஐந்தைத் தாண்டியது. சுத்தியல் அடி பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் மூன்றோ நான்கோ. இரண்டுக்கும் நடுவே பல லட்சம் கோடி மடங்கு. அத்தனை பெரியதைச் சுமந்த பாறை இத்தனை சிறியதையும் கீழே போடாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. பூமிக்குப் பெரியவன் சின்னவன் என்ற கணக்கே இல்லை. தட்டினால் எடுத்துச் செல்கிறது, கேட்பதும் கேட்காததும் நம் பாடு.

மூன்று உணர்வான்களுக்கு மூன்று வட்டம் போட்டேன். அவை ஒரு புள்ளியில் சேரவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மேற்கே ஒரு பெரிய திட்டாகக் கிடந்தன. மேலாளர் சுரங்க வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார். திட்டின் நடுவில் வழியும் இல்லை, அறையும் இல்லை, வெறும் பாறை.

அவர் குரல் உயரவில்லை. ரிக்கைக் கிளப்பி மேற்கே நிறுத்தவே அரைநாள் போய்விடும், கிழக்குத் துளை அரைக்கிணறு தாண்டியபடி நிற்கும், வெறும் பாறையில் துளைபோட்டு ஆறு பேரைக் கொன்றவன் ஆகிவிடுவேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது, அதோடு அவர் இடத்தில் நான் இல்லையே என்று ஆறுதலாகவும் இருந்தது.

வட்டங்கள் சேராததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அலை இந்தப் பாறையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று நான் பழைய கணக்கை வைத்துப் போட்டிருக்கிறேன். நேற்று உலுக்கியதில் பாறை முழுக்க நுண்ணிய விரிசல் விட்டிருக்கும். விரிசல் விட்ட பாறையில் அலை மெதுவாகத்தான் போகும். எவ்வளவு மெதுவாக என்று தெரிய வேண்டுமானால், இடம் தெரிந்த ஒரு அதிர்ச்சி வேண்டும். இடம் தெரிந்த அதிர்ச்சியை நாமே உண்டாக்கலாம். ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருந்த தாள் நினைவுக்கு வந்தது.

"மூணு வெடி போடுங்க சார். எனக்கு வேகம் தெரிஞ்சுடும். அவங்களுக்கும் கேட்டுடும்" என்றேன்.

மேலாளர் வெடிக்காரரைக் கூப்பிட்டார். வெடிக்காரர் ஆழமில்லாத மூன்று குழிகளைத் திசைக்கொன்றாகப் போட்டார். அவற்றின் இடத்தை நாடா பிடித்து அளந்து எனக்குச் சொன்னார். நெரிந்த பாறை மறுபடி சரியாத அளவுக்குச் சின்ன மருந்து. மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தினோம். மறுபடியும் செருப்புகள் கழன்றன, குழந்தைக்காரி நடந்து போனாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. காலடியில் லேசாக உதைத்தது, அவ்வளவுதான்.

எண்களைப் போட்டேன். பாறை நான் நினைத்ததைவிட மந்தமாகத்தான் இருந்தது. வட்டங்கள் மூன்றும் திரையில் சுருங்கின. சுருங்கச் சுருங்கத் திட்டு குறுகி, குறுகி, ஒரு நெல்லளவுக்கு வந்து நின்றது. மேலாளர் வரைபடத்தை வைத்தார். அந்த இடத்தில் சிறிய கட்டம் ஒன்று இருந்தது. பழைய பம்ப் அறை, வருஷக்கணக்காக யாரும் பயன்படுத்தாதது. பாதுகாப்பு அறைக்குப் போகும் வழி அடைத்துப்போய், திரும்பி எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறார்கள்.

அவர் ரிக் ஆட்களிடம் ஓடினார். நான் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வெடிச் சத்தம் கேட்டவர்கள் பதில் தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பத்து வரவில்லை. நிமிஷம் போனது. தம்பி மனைவி என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே போனது. கூரை சரிந்துவிட்டதோ, நாங்கள் போட்ட வெடியே அவர்கள் மேல் விழுந்துவிட்டதோ என்று பயந்தேன்.

அப்போது கோட்டில் இரண்டு முட்கள் எழுந்தன. ஒரு சின்ன நிறுத்தம். தடுக்கி ஓடுவது போல மூன்று. பிறகு ஒன்றுமில்லை. என் பரீட்சைக் காலமெல்லாம் காத்திருந்த அந்த அரைக்கணத்துக்காக மறுபடி காத்திருந்தேன். கனமாக ஒன்று விழுந்தது.

"இதுதான் அவன்" என்றேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நிரலை நான் மறுபடி ஓடவிட்டிருந்தேன். அது அவனை நீக்கவில்லை. தாளம் ஒழுங்காக இல்லாததால் அது மனிதன் இல்லை என்று முடிவு கட்டி, பழைய பம்ப் அறையின் மேல் பச்சைப் புள்ளி வைத்திருந்தது. படித்த காலம் முழுக்க எந்தத் தட்டுக்காக அவனைத் திட்டினேனோ, அந்தத் தட்டை மெஷின் பூமியின் குரல் என்று நம்பி ஏற்றுக்கொண்டுவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். அறையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ரிக் மேற்கே நின்றது. அடுத்த நாள் இரவு துளை பாறையைத் தாண்டி வெற்றிடத்துக்குள் விழுந்தது. குழாயை இறக்கிக் காற்றைத் திறந்துவிட்டார்கள். ஒயரில் கட்டி ஒரு போனையும் இறக்கினார்கள். முதலில் மேலாளர் பேசினார். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவருக்குக் கால் முறிந்திருக்கிறது, எல்லாருக்கும் தாகம். அவர் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லக் கூட்டம் விம்மியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வார்த்தை என்று போன் கை மாறியது. தம்பி மனைவி பேசினாள், பேசினாள் என்பதைவிட அழுதாள் என்று சொல்ல வேண்டும். பிறகு போனை என் காதில் வைத்தாள்.

"அக்கா" என்றான். தொண்டை கட்டிப்போயிருந்தது. "முந்தாநாள்லேர்ந்து தட்டுறோம். கை கழண்டு போச்சு. அங்க உக்காந்துட்டு என்னதான் பண்ணிட்டு இருந்தே?"

நூறு பதில் இருந்தது. நிரல், உணர்வான், பழைய கணக்கு என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"உன்னை அழிச்சிட்டு இருந்தேன்டா" என்றேன்.

அவனுக்கு என் நிலவறையும் நடைவழியும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு அவன் போனைத் தரையில் வைப்பது கேட்டது. குழாயின் மேல் நுனியில் நான் கையை ஊன்றியிருந்தேன். அத்தனை ஆழத்திலிருந்து, இரும்பு வழியாக, என் உள்ளங்கையில் இரண்டு தட்டு விழுந்தது.

மிச்சத்துக்காகக் கையை எடுக்காமல் காத்திருந்தேன்.